தலைக்குத் தண்ணீர்

பங்குனி மாதத்தில் களமருதூரில் யாரும் போர்த்திக்கொண்டு படுத்ததில்லை. அந்த வருஷம் படுத்தார்கள். கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொன்னார்கள். நாலு நாளாக வெயிலே இல்லை. தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. பிடுங்கிப் போட்ட உளுந்துச் செடியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, ஆம்பளைகள் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பச்சமுத்து டீக்கடைக்குப் போகவில்லை. அவர் மனைவி ஆயம்மாள் செத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. உளுந்து பிடுங்கப் போனவள், நெஞ்சு வலிக்குது என்று வரப்பில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. ஆண் பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்கிறேன் என்று பங்காளி மகன் முன்னால் வந்தான். "எம் பொண்டாட்டிக்கு நான் வெக்கறேன்" என்று சட்டியை வாங்கிக்கொண்டார் பச்சமுத்து. பதினாறாம் நாள் கருமாதியன்று ஏரிக்கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலைமுடியையும் மீசையையும் கொடுத்தார்.

அதன் பிறகு சோறு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டுப் பையன் அறிவுச்செல்வன் கொண்டுவந்து வைத்துவிட்டு, "துன்னுட்டு கிண்ணத்த அப்டியே வெச்சிடு மாமா" என்று சொல்லிவிட்டுப் போவான். அவனுக்கும் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. காரணம் இருந்தது. செத்த அன்று, யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு அவன்தான் கேட்டான். பச்சமுத்து ஒவ்வொரு பேராகச் சொன்னார். கடைசியில் அவன் குரலைத் தாழ்த்தி, "தமிழுக்கு? நான் வேணா வண்டி எட்த்துக்கினு மலைக்கி போய் சொல்லிட்டு வரட்டுமா மாமா?" என்றான்.

"தலமுழுவுன பொண்ணுக்கு இன்னாடா தகவலு?" என்று சொல்லிவிட்டார்.

தமிழ்மொழி அவர்களுடைய ஒரே பெண். கள்ளக்குறிச்சியில் காலேஜ் படிக்கும்போது கலையரசன் என்ற கல்வராயன் மலைப் பையனோடு பழகி, அவனையே கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்குப் பச்சமுத்து தெரு ஜனம் பார்க்க ஏரியில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டார். "எனக்கு பொண்ணு இல்ல, செத்துட்டா" என்று ஈரத் துணியோடு தெருவில் நடந்தார். ஆயம்மாளையும் முழுகச் சொன்னார். அவள் கரையிலேயே நின்றாள். நனையவில்லை.

தகவல் சொன்னால் தமிழ்மொழி வந்துவிடுவாள், வந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், பச்சமுத்துவுக்கு அந்தப் பயம்தான். அதைக் கோபம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. ஆயம்மாளின் பட்டன் போனில் டார்ச் இருக்கும் என்பதற்காக அன்று காலையில்தான் அதைத் தேடி எடுத்துச் சார்ஜ் போட்டிருந்தார். அது அடித்தது. 'ரேசன் கடை' என்று வந்தது. பட்டனை அமுக்கிக் காதில் வைத்தார்.

"ம்மா, இன்னா சோறு ஆக்குன?"

பச்சமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினி வாட்டி போடறது, ஆப்புன்னே வருது. சார்ஜ் போடவே மாட்டியா நீ? இங்க குளுரு தாங்கலம்மா. பங்குனில இப்டி குளுந்து பாத்ததே இல்லன்னு எங்க அத்தையே சொல்லுது. புள்ளைக்கி மூக்கு ஒழுவிக்கினே இருக்குது. நம்ப வூட்டு பரண்ல கருப்பு கம்பளி கெடக்குதில்ல, அத எட்த்துக்கினு வாம்மா. அப்பாவுக்கு தெரியாம எடு. ம்மா? கேக்குதா? ம்மா? சிக்னல் இல்ல போல. பாற மேல காத்து பிச்சிக்கினு போவுது, நான் எறங்கறேன். மாத்தரய மறக்காம துன்னு."

கட்டாகிவிட்டது. பச்சமுத்து போனைக் காதிலிருந்து எடுக்காமல் வெகுநேரம் நின்றார்.

மறுநாள் விடிந்ததும் பரணிலிருந்து கம்பளியை எடுத்து உதறினார். ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு, மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

சங்கராபுரத்தில் இறங்கும்போது துண்டு நனைந்து தலையோடு ஒட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த சாதுல்லாவின் ரெடிமேட் கடையில் ஏறினார்.

"குல்லா இருக்குதுங்களா பாய்?"

சாதுல்லா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னாங்க அநியாயம் இது! மார்கழி பூரா குல்லாவ வாசல்ல தொங்க வுட்டேன், ஒருத்தன் திரும்பிப் பாக்கல. பொட்டிய கட்டி மேல ஏத்தனதுக்கு அப்புறம் காலைலேர்ந்து நீங்க ஆறாவது ஆளு. ருக்சார், அந்த குல்லா பொட்டிய எறக்குமா!"

உள்ளிருந்து அவர் மருமகள் ருக்சார் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நான்தான் அப்பவே சொன்னேன் மாமா, கீழயே இருக்கட்டும்னு."

"நீ சொன்னமா. மழ வரும்னும் நீதான் சொன்ன. உன்ன டிவில உக்கார வெக்கணும்."

ருக்சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு மண் நிறத்தில் ஒரு குரங்குக் குல்லாவை எடுத்துக் கொடுத்தாள். பச்சமுத்து துண்டை அவிழ்த்ததும், "மொட்ட தலைல ஈரம் எறங்கிடுங்க. நல்லா கீழ இழுத்து வுட்டுக்குங்க" என்றாள்.

"திருப்பதியா?" என்றார் சாதுல்லா.

பச்சமுத்து தலையை ஆட்டினாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. குல்லாவைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணும் மூக்கு நுனியும்தான் வெளியே தெரிந்தன.

"எந்த ஊருங்க?"

"களமருதூரு."

"அட, களமருதூர்லேர்ந்து ஒரு அம்மா நம்ப கடைக்கி வரும். ஒல்லியா, மூக்குல ஒத்தக் கல்லு போட்டுக்கினு. மலை மேல மேல்கொன்றையில பொண்ணு குட்த்திருக்குதாம். தை மாசம் வந்து பேரனுக்கு மஞ்ச கலர்ல குல்லா வாங்கிச்சி. வாங்கனது ஒரு குல்லா, பேசனது ஒரு மணி நேரம். 'எங்க வூட்டுக்காரரு கோவக்காரருதான் பாய், ஆனா பேரன பாக்கணும் பாக்கணும்னு தூக்கத்துல பொலம்பறாரு'ன்னு ஒரே பெரும. தெரியுமா அந்தம்மாவ?"

பச்சமுத்து பையின் காதைச் சுருட்டிப் பிடித்தார். தை மாதத்தில் ஆயம்மாள் திருக்கோவிலூரில் அக்கா லட்சுமியம்மாள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இரண்டு நாள் போயிருந்தாள். பேரன் பிறந்த விஷயம் ஊரில் யாரோ பேசிக்கொண்டதில்தான் அவர் காதில் விழுந்தது. அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. தூக்கத்தில் எதுவும் புலம்பவும் இல்லை.

"தெரியும்" என்றார்.

"நல்லாருக்குதா?"

"ம்."

"பாத்தா சொல்லுங்க, கொழந்தைக்கி ஸ்வெட்டர் கேட்டுச்சி, வந்திருக்குன்னு."

"சொல்றேங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அடுத்த பஸ்ஸில் மலையடிவாரத்தில் இறங்கி, டீக்கடையில் இரண்டு பன் வாங்கிக்கொண்டார். ஜீப் போகும் மண்பாதை ஈரத்தில் சரிந்து கிடந்ததால் நடந்துதான் போக வேண்டும் என்றார்கள். மூன்று மணி நேர ஏற்றம்.

பச்சமுத்துவின் கால்கள் சேற்றுக் கால்கள். முழங்கால் அளவு சேற்றில் நாள் முழுக்க நாற்றுக் கட்டு சுமக்கும். கல்லில் ஏறுவது அவற்றுக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு கல்லிலும் பாதத்தை வைத்துப் பார்த்து, வழுக்கவில்லை என்று தெரிந்த பிறகு அடுத்த காலைத் தூக்கினார். கொஞ்ச தூரத்துக்கு மேல் பனி மூட்டம் இறங்கி வந்து மூடிக்கொண்டது. முன்னால் பத்தடி தெரிந்தது, பின்னால் பத்தடி தெரிந்தது. குருவிச் சத்தம்கூட இல்லை. இலையிலிருந்து சொட்டும் தண்ணீரும் அவர் மூச்சும்தான் கேட்டன. மூச்சு குல்லாவுக்குள்ளேயே சுற்றி மூக்கில் ஈரமாக நின்றது.

ஆயம்மாள் இந்த வழியாகத்தான் ஏறியிருக்கிறாள். முட்டிவலியோடு எந்தக் கல்லில் உட்கார்ந்திருப்பாள் என்று பார்த்துக்கொண்டே போனார். உட்காரத் தோதாக இருந்த கல்லெல்லாம் அவள் உட்கார்ந்த கல்லாகத் தெரிந்தது.

பாதி வழியில் எதிரே புளிமூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு ஒருவர் இறங்கி வந்தார். நடுவயது. மூட்டையைப் பாறைமேல் சாய்த்துவிட்டு, "எந்த ஊருக்குங்க?" என்றார்.

"மேல்கொன்றைக்கி."

"நான் அதுக்கு இந்தாண்ட ஊருதான். இளவரசன்னு பேரு. எட்டு நாளா புளிய காயவெச்சேன், நாலு நாள் தூறல்ல கருத்துப்போச்சி. இதுக்கு மேல வெச்சிருந்தா மாடுகூட மோந்து பாக்காது. ஆமா, இந்த குளுருல இன்னா அப்டி அவசரம்?"

"பொண்ணு குட்த்த எடம்" என்றார் பச்சமுத்து. சொன்ன பிறகு அந்தச் சொல் அவருக்கே விசித்திரமாக இருந்தது. அவர் கொடுக்கவில்லையே.

"பேரன பாக்க போறீங்க. போங்க போங்க. மேல காத்து ஜாஸ்தி, குல்லாவ மட்டும் கழட்டிடாதீங்க." மூட்டையைத் தூக்கிவிடச் சொல்லிவிட்டு இளவரசன் இறங்கிப் போனார். பனி அவரையும் மூடிக்கொண்டது.

ஓர் ஊற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பச்சமுத்து ஒரு பன்னைத் தின்றார். வழக்கமாக எதைப் பிட்டாலும் பாதியை ஆயம்மாளிடம் நீட்டும் கை. இன்றும் பிட்டது. பிட்ட பாதியைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு அதையும் தின்றார். சேதியை இப்போதே சொல்லிப் பழக வேண்டும் என்று தோன்றியது. சுற்றிலும் யாரும் இல்லை. "தமிழு, உங்கம்மா..." என்று ஆரம்பித்தார். அடுத்த சொல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார். மரமும் கல்லும் மட்டும் இருக்கிற இடத்தில்கூட அது வாயில் வரவில்லை. இன்னொரு பன்னைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

மேல்கொன்றையில் பத்துப் பதினைந்து வீடுகள். கலையரசன் வீடு எது என்று கேட்டதற்கு, ஆட்டை ஓட்டிக்கொண்டு போன பெண் கடைசி வீட்டைக் கையால் காட்டினாள். கதவு சாத்தியிருந்தது. ஓட்டுக் கூரையிலிருந்து அடுப்புப் புகை மெதுவாக எழும்பிப் பனியோடு கலந்துகொண்டிருந்தது.

"வூட்ல யாருங்க?"

தமிழ்மொழி கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை. குழந்தையின் தலையில் மஞ்சள் குல்லா.

"யாரு வேணும்?" என்றாள். பிறகு பைக்குள்ளிருந்து பிதுங்கிய கம்பளியைப் பார்த்தாள். அடுத்து அவர் காலைப் பார்த்தாள். வலது கால் பெருவிரலில் நகம் இல்லாத கால்.

"ப்பா!"

அழுதாள், உடனே சிரித்தாள். அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "அப்பாவுக்கு தெரியாம எடுன்னு சொன்னேன். அது உங்கிட்டயே குட்த்து அனுப்பிச்சிருக்குது பாரு! கெட்டிக்காரி. அதுக்குத்தான் நேத்து போன்ல வாயே தொறக்கல."

பச்சமுத்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பளியை எடுத்து நீட்டினார். அவள் அதைக் குழந்தையோடு சேர்த்துத் தன்மேல் சுற்றிக்கொண்டாள்.

"குல்லாவ கழட்டுப்பா, சொட்டுது. அடுப்பாண்ட வெச்சா காஞ்சிடும்."

"இருக்கட்டும்."

"அவரு மொளகு பறிக்க கேரளாவுக்கு போயிருக்காரு. இருந்திருந்தா மாமா வந்தாருன்னு ஆட்டையே அறுத்திருப்பாரு. எங்க அத்த ஆடு ஓட்டிக்கினு போயிருக்குது. நாள் பூரா இவனும் நானும்தான். பாறை மேல ஏறி அம்மாகிட்ட பேசினாத்தான் எனக்கு பேச்சே. அதுக்கு முட்டிவலி எப்டி இருக்குது?"

"ம்."

"மாத்தர துன்னுதா?"

பச்சமுத்து அடுப்பைப் பார்த்தார். பெரிய பாத்திரத்தில் குழந்தைக்கு ஊற்ற வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது.

"எப்ப கேட்டாலும் இப்டித்தான், ஒரு வார்த்த. அம்மாதான் உனக்கும் சேத்து பேசும்" என்று சொல்லிக்கொண்டே தட்டில் சாமைச் சோறு போட்டு மொச்சைக் குழம்பை ஊற்றி வைத்தாள். "துன்னு. வாய மூடிக்கினு எப்டி துன்னுவ?" என்று அவளே குனிந்து குல்லாவை உருவினாள்.

மொட்டைத் தலை. மீசை இல்லாத முகம். வெள்ளையாக முளை விட்டிருந்த ரோமம்.

தமிழ்மொழி வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் நிறைந்தன.

"முடி எறக்கிட்டியாப்பா? மேல்மலையனூர் கோயிலுக்கு போய் வந்துட்டியா?"

அவருக்குப் புரியவில்லை.

"அம்மா சொல்லிச்சி. பேரன் நல்லபடியா பொறந்தா மொட்ட போட்டுக்கறேன்னு நீ வேண்டிக்கினியாமே. நான் நம்பலப்பா. என்ன சமாதானம் பண்றதுக்கு அது கத வுடுதுன்னு நெனச்சேன். அப்பா உன்ன கேட்டாரு, அப்பா உனக்கு முறுக்கு குட்த்தனுப்ச்சாருன்னு என்னென்னமோ சொல்லும். எல்லாம் பொய்யின்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிடுப்பா." குழந்தையை அவர் மடியில் வைத்தாள். "டேய், உனக்காவ மொட்ட போட்டுக்கினாருடா தாத்தா. பாரு."

குழந்தை அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டது. சூடான, ஈரமான பிடி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சோற்றைத் தின்றுவிட்டு, பேரனைக் கொஞ்சிவிட்டு, இறங்கிப் போய்விடலாம். அந்த வார்த்தைக்கு ஆயம்மாள் எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் பேசாத பேச்சையெல்லாம் அவர் பேசியதாகச் சொல்லி, இரண்டு வருஷமாக இந்த மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"வேண்டுதல் இல்லம்மா" என்றார்.

"அப்புறம்?"

"நாந்தான் கொள்ளி வெச்சேன்."

"யாருக்கு?"

அவர் கொள்ளி வைக்க இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஆள். தமிழ்மொழி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தோளிலிருந்த கம்பளியை மெதுவாக இறக்கிக் கீழே வைத்தாள்.

"என்னிக்கி?"

"இன்னியோட இருவது நாளு."

"நேத்து போன எடுத்துச்சே."

"நாந்தான் எட்த்தேன். வாய் வரல."

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. அவள் தள்ளிவிடவில்லை.

"எல்லாருக்கும் தகவல் சொன்னியா?"

"சொன்னேன்."

"திருக்கோவிலூர் பெரிம்மாவுக்கு?"

"சொன்னேன்."

"தீனதயாளன் சித்தப்பாவுக்கு? வரப்பு தகராறுல அம்மாவ அடிக்க வந்தாரே, அவருக்கு?"

"சொன்னேன்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். சாவுச் சேதி எத்தனை நாள் கழித்துக் காதில் விழுந்தாலும், விழுந்த அப்போதே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அது பச்சமுத்துவுக்கும் தெரியும். பின்வாசற்படி வரைக்கும் குழந்தையோடு ஓடினார்.

"தமிழு, சுடுதண்ணி இருக்குது. வெளாவி ஊத்திக்கம்மா. பால் குடுக்கற ஒடம்பு."

அவள் பிளாஸ்டிக் டிரம்மின் மூடியை எடுத்தாள். "என்ன தலமுழுவும்போது ஏரில சுடுதண்ணி வெச்சிக்கினா முழுவுன?"

ஒரு சொம்பு மொண்டு தலையில் கொட்டினாள். மூச்சு அப்படியே நின்று, பிறகு விக்கலைப் போல வந்தது. இரண்டாவது சொம்பு. மூன்றாவது சொம்பை மொள்ளும்போது விரல்கள் மடங்கவில்லை. சொம்பு நழுவிக் கல்லில் விழுந்து உருண்டது. அதை எடுக்காமல் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள். அந்த அழுகை பனியில் எந்தப் பக்கமும் போகாமல் அங்கேயே நின்றது.

பச்சமுத்து உள்ளே போய்க் குழந்தையைக் கம்பளியில் சுற்றிப் பாயில் கிடத்தினார். அடுப்பிலிருந்த வெந்நீரைத் துண்டால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கீழே கிடந்த சொம்பை எடுத்து, தண்ணீரைக் கலந்து, கை விட்டுச் சூடு பார்த்தார். அவளுக்குப் பின்னால் போய் நின்றார். ஊற்றத் தைரியம் வரவில்லை. தூறல் அவருடைய வெறுந்தலையில் விழுந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை மட்டும் குனிந்தாள்.

"ஊத்து" என்றாள்.

பச்சமுத்து ஊற்றினார். முடியிலிருந்து ஆவி எழும்பியது. பாத்திரம் காலியாகும்வரை ஊற்றினார்.

துணி மாற்றிக்கொண்டு வந்தவள் குழந்தையைத் தூக்கிப் பால் கொடுத்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தட்டில் சாமைச் சோறு ஆறிப்போயிருந்தது. அவர் அதைத் தின்னவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை.

"நீ கௌம்பு" என்றாள் கடைசியில். "அஞ்சு மணிக்கு மேல அடிவாரத்துல பஸ்ஸு கெடையாது."

பச்சமுத்து எழுந்தார். பையிலிருந்த பன்னை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார். ஏன் வைத்தார் என்று தெரியவில்லை. வேறு எதுவும் அவரிடம் இல்லை.

இறங்கும்போது காற்று எதிரே வந்தது. தலை விறைத்த பிறகுதான் குல்லா ஞாபகம் வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கும். திரும்பிப் போக முடியாது. துண்டும் அங்கேதான். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

வழியில் இளவரசன் புளியைப் போட்டுவிட்டுக் காலிச் சாக்கோடு ஏறிவந்தார். அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டு, திரும்பி நின்றார். "அட, நீங்களா! மொட்ட போட்டிருக்கீங்களா? எந்த கோயிலுங்க?"

"கோயிலு இல்லங்க" என்றார் பச்சமுத்து. "பொண்டாட்டி செத்துட்டா."

சொல்லிவிட்டார். இத்தனை நாளில் இந்த வார்த்தையை அவர் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. இளவரசன் தோளிலிருந்த சாக்கை இறக்கி, மடித்து, அவர் தலையும் முதுகும் மூடக் கொங்காணியாகப் போட்டுவிட்டார். புளிவாசம் அடித்தது. "பாத்து எறங்குங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

ஊற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் இறங்கியிருப்பார். சட்டைப் பையில் ஆயம்மாளின் போன் அடித்தது. 'ரேசன் கடை'.

எடுத்துக் காதில் வைத்தார். பாறைமேல் அடிக்கும் காற்றுச் சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை. நேற்று இந்தப் பக்கம் பேச்சில்லை, இன்று அந்தப் பக்கம் இல்லை.

"தமிழு" என்றார்.

"எறங்கிட்டியா?"

"பாதி எறங்கிட்டேன்."

"குல்லா இங்கயே கெடக்குது."

"கெடக்கட்டும்."

மறுபடி காற்று. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தார். போனைக் காதிலிருந்து எடுக்கப் போகும்போது, அவள் குரல் வந்தது.

"போயி இன்னா சோறு ஆக்குவ?"

பச்சமுத்து நின்றுவிட்டார். அவருக்குச் சோறு ஆக்கத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். பனியில் முன்னால் பத்தடி தெரிந்தது, பின்னால் பத்தடி தெரிந்தது. சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"ஒரு ஆளுக்கு அரிசி எவ்ளோ போடணும், தமிழு?" என்று கேட்டார்.